எண்ணெய் அளவு

ஹானியா ஒரு ஒட்டுப்போர்வை தைத்து முடித்தால்
இன்னொரு போர்வைக்கான குப்பை வீட்டில் சேர்ந்துவிடும்.
பழைய மாவு டின்னில் போட்டு வைப்பாள்.
டின் நிரம்பியது. சலவை எந்திரத்தின் மேல் ஒரு பெட்டி.
பெட்டியும் நிரம்பியது.
பிறகு, வேட்டைக்குப் போடும் என் பூட்ஸ் இரண்டிலும்.

அன்றுதான் சொன்னேன்,
இதற்கு நான் ஒரு வழி பண்ணுகிறேன் என்று.
முப்பத்தொரு வருடம் நெடுஞ்சாலையில்
பனி தள்ளும் வண்டி ஓட்டியவன்.
குவிந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

முதலில் வாசற்கதவு.
சஸ்காட்சவனில் ஜனவரிக் காற்று கதவைத் தட்டாது;
குனிந்து, அடியால் உள்ளே வரும்.
கிழிந்த ஜீன்ஸின் கால் ஒன்றை வெட்டி
துணுக்குகளைத் திணித்து, இரு முனையும் கட்டி
நிலைப்படியோடு கிடத்தினேன்.
பூனை இரண்டு நாள் அதைப் பார்த்துச் சீறியது.
மூன்றாம் நாள் அதன்மேலேயே தூங்கியது.

உள்ளே வைத்துத் தைக்கும் பஞ்சுத் தகட்டில்
உள்ளங்கை அகலத்துக்கு விளிம்பு மிஞ்சும்.
துடைப்பானின் தலையில் சுற்றினால்
கட்டிலுக்கடியில் போய்
தூசியை வாரி அணைத்துக்கொண்டு வரும்.
மிச்சத்தை நிலவறைக் குழாய்களுக்குச் சட்டையாக்கினேன்.
மைனஸ் முப்பத்தெட்டில்
பக்கத்து வீட்டு வாசிலின் குழாய் வெடித்தது.
என்னுடையது வெடிக்கவில்லை.
இதை ஹானியாவிடம் நாலு தடவை சொன்னேன்.

துணியின் கரை இருக்கிறதே,
அச்சடித்தவன் நிறம் பார்க்க விட்ட பொட்டுகள்
வரிசையாய் நிற்கும் அந்தக் கரை,
தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்ட
அதைப் போல வேறெதுவும் இல்லை.
தண்டை அறுக்காது.

நூல் முனைகளை மட்டும்
குருவிகள் கூடு கட்டட்டும் என்று வேலியில் தொங்கவிட்டேன்.
வந்து ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தாள்.
"குஞ்சின் காலில் சுற்றிக்கொண்டால் தொங்கியே செத்துப்போகும்.
தெரியாததைத் தொடாதே."

தெரியாததைத் தொட்டது அதற்கப்புறம்தான்.

மார்ச் மாதம். டிரக்கின் முன்மூடியைத் திறந்து
எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவினேன்.
கோட்டுப் பையில் ஒரு சதுரம்:
வெளிர் மஞ்சளில் நீலப் பொடிப்பூ.
மாவு டின்னுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தது.
தரையில் கிடந்தால் துணுக்குதானே.
துடைத்தேன்.

இரவு, மேசை முழுக்கச் சதுரங்களைப் பரப்பி எண்ணினாள்.
மறுபடி எண்ணினாள்.
நூற்று நாற்பத்து மூன்று.
நாற்காலியைத் தூக்கிப் பார்த்தாள்.
பூனையைத் தூக்கிப் பார்த்தாள்.
"அந்தத் துணி இப்போது எந்தக் கடையிலும் இல்லை" என்றாள்,
என்னைப் பார்த்தல்ல, விளக்கைப் பார்த்து.

காப்பி போட எழுந்தேன்.
இரவு பத்து மணிக்கு யாரும் காப்பி கேட்கவில்லை.
வாசிலின் நாய்தான் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று
நாக்கின் நுனிவரை வந்தது.
கோட்டுப் பையில் கைவிட்டு
எடுத்து மேசைமேல் வைத்தேன்.

திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.
சோடா மாவில் ஊறவைத்தாள். சோப்பில் கசக்கினாள்.
மூன்று நாள் வெயிலில், வெயில் என்று பேர்தான், காயவிட்டாள்.
கறை வெளுத்து ஒரு கோடாய் நின்றது,
ஈர்க்குச்சி கனத்தில், காப்பி நிறத்தில்.

ஏப்ரலில் போர்வை கட்டிலில் விரிந்தது.
என் பக்கம், நெஞ்சுக்கு நேராக, அந்தச் சதுரம்.
பக்கத்தில் சிவப்பு நூலில் இரண்டு குறுக்குத் தையல்,
கீழே ஒன்று, மேலே ஒன்று,
கம்பியில் வெட்டியிருக்கும் குறிகளைப் போலவே.
கறை இரண்டுக்கும் நடுவில் முடிந்திருந்தது.

"என்ன இது?"
"அளவு" என்றாள்.
விளக்கை அணைத்த பிறகு சொன்னாள்:
"இன்னும் அரை லிட்டர் ஊற்றலாம்."

பூட்ஸ் இரண்டும் இன்னும் நிரம்பியே இருக்கின்றன.
இப்போதெல்லாம் ஒரு துணுக்கை எடுத்தால்
முதலில் அவளிடம் தூக்கிக் காட்டுகிறேன்.
கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து
சிலதுக்குத் தலையசைக்கிறாள்.
சிலதை வாங்கி, ஒன்றும் சொல்லாமல்
மடியில் வைத்துக்கொள்கிறாள்.