மூன்று நிமிடம்

நாற்பது மைக்குகள்.
நாற்பதுக்கும் நான்தான் காது.
கண்ணாடி அறையில் உட்கார்ந்து
எழுகிறவருக்குப் பச்சை கொடுப்பேன்,
மூன்று நிமிடம் முடிந்தால் சிவப்பு.
அரபியில் எனக்கு எண்ணும் வசவும்தான் நன்றாக வரும்.
மற்றதை முள் சொல்லும்:
சம்பிரதாயப் பேச்சுக்குப் பாதி வரை,
கோபத்துக்கு மஞ்சளைத் தாண்டி.
பொய்க்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள்,
இந்தக் கருவியில் அதற்குக் கோடு போடவில்லை.

இன்று கடல் எல்லைச் சட்டம்.
அக்கரையும் இக்கரையும் இனிப் பகை பாராட்டாமல்
வழிதவறிய படகை
எழுபத்திரண்டு மணிநேரத்தில் திருப்பித் தருமாம்.
மொத்தம் பதினேழு பிரிவு.
ஒன்பதரைக்குத் தொடங்கி
பதினொன்று வரை முதல் பிரிவின் ஒரு சொல்லிலேயே நின்றார்கள்:
சகோதர நாடு என்பதா,
அண்டை நாடு என்பதா.
எட்டாம் மைக் நவாஃப், சகோதரம்தான் என்றார்.
பத்தொன்பதாம் மைக் துள்ளி எழுந்தது:
சகோதரன் என் வலையை அறுப்பானா?

பக்கத்து மேசை லுத்ஃபி,
எகிப்துக்காரர், சுருக்கெழுத்து,
உடைந்த இங்கிலீஷில் எனக்குச் சொன்னபோது சிரித்துவிட்டேன்.
சகோதரன்தான் ஐயா அறுப்பான்.
எங்கள் பக்கம் ஒரு பாகப்பிரிவினைக்கு வந்து பாருங்கள்.

ஏழாம் பிரிவு வந்ததும்
என் காதுக்கான ஒலியை மட்டும் கூட்டிக்கொண்டேன்.
ததேயுஸுக்காக.
இரயுமன்துறைக்காரன்.
குதைபியா அறையில் எனக்கு மேல்கட்டில்.
ஷமால் அடித்த அன்று இன்ஜின் நின்று
நீரோட்டம் இழுத்த திசைக்குப் போனான்.
கோடு எங்கே என்று ஜி.பி.எஸ். காட்டத்தான் செய்தது.
காட்டி என்ன,
தண்ணீருக்குப் பிரேக் உண்டா?
நாற்பத்தொரு நாளாக அக்கரையில் பூட்டிவைத்திருக்கிறார்கள்.
அவன் வாடகைப் பங்கை நாங்கள் மூவரும் போடுகிறோம்.
துண்டை யாரும் கொடியிலிருந்து எடுக்கவில்லை.

இருபத்தாறாம் மைக், பத்ரியா.
மெல்லப் பேசுகிறவர்,
எப்போதும் இரண்டு புள்ளி ஏற்றிவைப்பேன்.
இந்தச் சட்டத்தில் மீனவர் என்றால் யார் என்று கேட்டார்.
உரிமம் வைத்திருக்கும் குடிமகன், என்றது அரசுத் தரப்பு.
அவர் கடலுக்குப் போவதில்லையே?
போக வேண்டும் என்று பிரிவு சொல்லவில்லை.
வலை இழுக்கிறவன்?
படகும் அதிலுள்ள சாமான்களும் திரும்பும்;
ஆட்களுக்குத் தனி நெறிமுறை, பின்னர்.

அவர் பெயர்களை வாசிக்கத் தொடங்கினார்.
லுத்ஃபியின் விரல் ஒருகணம் தயங்கியது,
எழுத்துக்கூட்டத் தெரியாத பெயர்கள்.
ஐந்தாவதாக ததேயுஸ்.
அரபி நாக்கில் நசுங்கி வந்தாலும் அவன்தான்.
மூன்று நிமிடம் ஆகிவிட்டது.
நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.
பதினொரு விநாடி.
சபாநாயகர் கண்ணாடிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.
எனக்கும் விசா புதுப்பிக்க வேண்டும்.
சிவப்பை அழுத்தினேன்.
முள் படுத்துக்கொண்டது.
வாய் மட்டும் இன்னும் மூன்று பெயருக்கு அசைந்தது.

முப்பத்தொரு கை உயர்ந்தன.
எழுந்து தழுவி மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டார்கள்.
பத்தொன்பதாம் மைக்கும் எட்டாம் மைக்கும்கூட.
அந்தச் சந்தோஷம் நடிப்பில்லை,
எனக்கு அவர்கள் குரல் தெரியும்.

சட்டம் சொன்னபடி
அறுபத்தெட்டாவது மணியில் முஹர்ரக் துறைக்குப் படகு வந்தது.
இன்ஜின், ஐஸ்பெட்டி, கம்பிக்கூடு பன்னிரண்டு,
கெட்டில் ஒன்று, உள்ளே காய்ந்த தேயிலையோடு.
சுக்கானில் தொங்கிய ஜெபமாலையையும்
பட்டியலில் எழுதி
முதலாளியிடம் கையெழுத்து வாங்கினார்கள்.

செவ்வாயன்று மறுபடி கூட்டம்.
இருபத்தாறில் இரைச்சல் வருகிறது என்று புகார்.
ஸ்குரூ கழற்றிப் பார்த்தேன்,
ஒயர், பஞ்சு, எல்லாம் சரியாக இருக்கிறது.
பேசுவதற்கு முன் அந்த அம்மாள்
நீளமாக ஒரு மூச்சு இழுக்கிறார்,
அது கேட்கிறது.
பழுதில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.