டக்

மிதியிலிருந்து காலை எடுத்தால்
சீட்டுக்கு அடியில் ஒரு 'டக்' கேட்க வேண்டும்.
கரண்டு நின்றது என்று அர்த்தம்.
இன்று மதியம் ஸ்கேன் கட்டட ஏற்றத்தில்
காலை எடுத்தேன்.
கேட்கவில்லை.
வண்டி போய்க்கொண்டே இருந்தது.

தருமபுரி பெரியாஸ்பத்திரியில்
வாசலுக்கும் வார்டுக்குமாக
ஒரு நாளைக்கு அறுபது நடை ஓட்டுகிறேன்.
ஆறு பேருக்கு மட்டும் என்று வண்டிப் பக்கத்தில் எழுதியிருக்கும்.
ஆறோடு நான் கிளம்பியதே இல்லை.
நோயாளி, நோயாளிக்குத் துணை, துணைக்குத் துணை,
சோற்றுத் தூக்கு, பாய், ஃப்ளாஸ்க்,
மடியில வெச்சுக்கிறேன் என்று
பத்து வயசுப் பையன்.
ஏற்றத்தில் மோட்டார் முனகும்.
இழுத்துடும், இழுத்துடும்
என்று நானே சொல்லிக்கொள்வேன்.

வாசம் காலையிலேயே வந்துவிட்டது.
"யாரோ கருவாடு சுடுறாங்க" என்றார்
மாவுக்கட்டுக் காலை வெளியே நீட்டியிருந்த
பாலக்கோட்டுத் தக்காளி மண்டிக்காரர்.
ஆஸ்பத்திரிக்குள் யார் கருவாடு சுடுவது?
அது மோட்டாருக்குள்
செம்புக் கம்பியின் மேல்பூச்சு.
தெரிந்தும்
இன்னும் ஒரு நடை, இன்னும் ஒரு நடை என்று
பதினோரு நடை ஓட்டினேன்.
இதை ரிஜிஸ்டரில் எழுதவில்லை.
இங்கே எழுதுகிறேன்.

பிரேக்கை இரண்டு காலாலும் மிதித்தேன்.
நான் நில் என்க, மோட்டார் போ என்க,
நடுவில் புகை.
சாவியைத் திருப்பினேன். புகை.
சிவப்புக் குமிழைத் தேடினால்
அதன் மேல் தனியார் ஸ்கேன் சென்டர் விளம்பரம்,
நான்கு முனையும் கம்பியால் கட்டி.
கிழித்தேன். இழுத்தேன்.
நின்றது.

"எறங்குங்க."
"வார்டு இன்னும் வரலியே?"
"எறங்குங்க!"
மூன்று நாள் பிள்ளையோடு ஏரியூர் மாதேவி
முதலில் இறங்கினாள்,
தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் தாங்கி.
அதைப் பார்த்த பிறகுதான்
திடமாக இருந்தவர்கள் இறங்கினார்கள்.

தீர்த்தகிரி வாளித் தண்ணீரோடு ஓடிவந்தான்.
"ஊத்தாதே, பேட்டரி!"
தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கினால்
ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம்
முள்ளை மூடியிருந்தது.
நகத்தால் சுரண்டினேன்.
பச்சை.
பின்னைப் பிடுங்கி, குழாயை நீட்டி
எவ்வளவு நேரம் நின்றேனோ.
தீ வரவில்லை.
புகை மெலிந்தது, ஓய்ந்தது.
கூட்டம் கொஞ்சம் ஏமாந்த மாதிரி கலைந்தது.

சாயங்காலம் சாதிக் பாஷா
சீட்டைக் கழற்றிக் காட்டினார்:
விலக வேண்டிய இரண்டு செம்புத் துண்டுகள்
உருகி ஒன்றாகியிருந்தன.
ஸ்க்ரூ டிரைவரால் தட்டினார்.
"ரம்பம்தான் வேணும்" என்றார்.

சேலத்திலிருந்து கம்பெனி போன்.
தீ பிடிச்சுதா? இல்லீங்க.
யாருக்காவது அடி? இல்லீங்க.
அப்புறம் எதுக்கு வண்டிய நிறுத்துனே?
அரை நாள் சம்பளம் பிடித்தம்.
ஒன்றும் நடக்காததை எழுத
அவர்கள் ஃபாரத்தில் கட்டம் இல்லை.

இரவு ஷெட்டில் இன்னொரு வண்டி
சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது.
அதற்கு மேலேயே கொடி கட்டி வார்டுப் போர்வைகள்.
இங்க போடாதக்கா என்று
துணி துவைக்கிற நஞ்சம்மாளிடம் சொன்னேன்.
சரி என்று
காய்ந்ததையெல்லாம் எடுத்துப் போனாள்.
ஈரமானவை
இன்னும் சார்ஜர் மேல் சொட்டுகின்றன.