இன்னும் நான்கு புள்ளி

பதிவைப் புதுப்பிக்க இன்னும் நான்கு புள்ளி வேண்டும்.
மாதம் முடிய ஒன்பது நாள்.

மூன்று வருடமாய்ச் சேர்த்த சான்றிதழ்களைக்
கட்டிலில் பரப்பி எண்ணிப் பார்த்துவிட்டேன்.
கொழும்பில் ஒரு ஹோட்டல் மண்டபம்:
இரவு பஸ்ஸில் போய், ஏசிக் குளிரில் நித்திரை கொண்டு,
பற்பசைக் கம்பனி தந்த துணிப்பையோடு
திரும்பி வந்ததற்கு ஆறு.
கண்டியில் இரண்டு நாள், பன்னிரண்டு.
இரண்டாம் நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு
என் கையொப்பம் மட்டும்தான் அங்கே இருந்தது.
மட்டக்களப்புக் கருத்தரங்கு வெள்ளத்தால் நடக்கவேயில்லை;
ஆனாலும் சான்றிதழ் வந்தது,
என் பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு.

இருபத்திரண்டு வருடம் பல் பிடுங்கியதற்குப்
புள்ளி ஏதும் கிடையாது.

இன்றிரவு எட்டரைக்குச் சூமில் ஒரு விரிவுரை.
உட்துறைமுக வீதிக் கிளினிக்கைப் பூட்டாமல்
நோயாளிக் கதிரையிலேயே சாய்ந்துகொண்டு
போனைத் தட்டில் நிமிர்த்தி வைத்தேன்,
கொறடு கிடக்கிற இடத்தில்.
கமராவை மூடினேன். சத்தத்தைக் குறைத்தேன்.
இடையிடையே திரையில் ஒரு கேள்வி எழும்;
ஒரு நிமிஷத்துக்குள் தொடாவிட்டால்
ஆள் இல்லை என்று குறித்துவிடுவார்கள்.
அதற்காக ஒரு கண்ணை மட்டும் வைத்திருந்தேன்.

மற்றக் கண் யன்னலில்.
தெருவிளக்கின் கீழே இரண்டு மான்கள்
யாரோ எறிந்த வாழையிலையை மென்றுகொண்டிருந்தன.
மானுக்கு மேல்வரிசையில் முன்பல் இல்லை.
எந்த விரிவுரையிலும் சொன்னதில்லை,
இந்த ஊரில் இருந்து பார்த்துத் தெரிந்துகொண்டது.

விரிவுரையாளர் சின்னப் பெண், தடிமன் குரல்.
"மூன்று விரல்" என்றாள்.
"கதிரையில் இருக்கிறவரின் மூன்று விரல்
ஒன்றன்மேல் ஒன்றாக அவர் வாய்க்குள் போகவேண்டும்.
போகாவிட்டால் பல்லை விடுங்கள்.
கன்னத்தைப் பாருங்கள்."
அடுத்த படம் ஓர் உட்கன்னம்:
வெளிறி, மாபிள் மாதிரி.
தொட்டால் கயிறு கயிறாகத் தட்டுப்படும் என்றாள்.

நானும் படித்ததுதான். பரீட்சையில் எழுதிச் சித்தியடைந்ததுதான்.

எழும்பி உட்கார்ந்தேன்.

பெப்ரவரி. கிண்ணியாவிலிருந்து முகைதீன்பாவா.
கடைவாய்ப்பல்லில் சூத்தை.
"கொஞ்சம் பெரிசாத் திறங்க."
"இவ்வளவுதான் டொக்டர்."
"பயப்பிடாதேங்க" என்றேன்.
பயம் என்றுதான் நினைத்தேன்.
பிள்ளைகளுக்குப் பாவிக்கிற சின்னத் தலையை
டிரில்லில் மாற்றிப் பூட்டி
அந்த இடுக்குக்குள்ளேயே சுத்தமாக அடைத்து முடித்து
என் கையை நானே மெச்சிக்கொண்டேன்.
போகும்போது சொன்னார்:
"பாலாணத்துக்கே வாய் எரியுது டொக்டர்,
கொச்சிக்காயை விட்டுட்டன்."
சட்டைப்பையில் பாக்குப் பக்கெட் மினுங்கியது.
"நல்லது" என்றேன்.
கொச்சிக்காயை விட்டதைத்தான் சொன்னேன்.

திரையில் கேள்வி எழுந்தது.
பின்வருவனவற்றுள் சரியானது எது?
ஐம்பது விநாடி, நாற்பது.
நான் என் மூன்று விரலை
என் வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எச்சில் விரலால் எதையோ தொட்டேன்.
பச்சை எரிந்தது.

பதிவேட்டை எடுத்தேன்.
போன் நம்பரின் கடைசி இலக்கம் ஒன்றா ஏழா,
என் எழுத்து எனக்கே விளங்கவில்லை.
ஒன்று என்று எடுத்தேன்:
கந்தளாயிலோ எங்கேயோ ஒரு பிள்ளை
சிங்களத்தில் சிரித்துவிட்டு வைத்தது.
ஏழு என்று எடுத்தேன்:
அணைத்து வைக்கப்பட்டுள்ளதாக
மூன்று மொழியிலும் ஒரு பெண் சொன்னாள்.
மூன்றையும் கேட்டேன்.

பத்து மணிக்குச் சான்றிதழ் வந்தது.
பெயர் சரி. புள்ளி நான்கு.

காலையில் வரச் சொன்ன ஆறு பேரை மாற்றவேண்டும்.
கிண்ணியாப் பாலத்தால் போகவேண்டும்.
முகவரி என்று நான் எழுதி வைத்திருப்பது
"மீன் மார்க்கட்டுக்குப் பக்கம்."
அங்கே நின்று ஆளை எப்படிக் கேட்பேன்?
முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், வரவில்லை.
பல்தான் வருகிறது:
கீழ், இடது, ஆறு.