ஓடாதது

ஐந்தரைக்கு ஜெபக்கனி வந்து கவுண்டரை மாற்றிக்கொள்வாள்.
இருமல் மருந்துப் பெட்டிகளுக்குப் பின்னாலிருந்து
கேமராவை உருவிக்கொண்டு
பணகுடி தாண்டி காற்றாலைக் காட்டுக்கு.
கல்யாண ஸ்டுடியோ கழித்துப்போட்ட கேமரா.
தவணை இன்னும் நாலு பாக்கி.

முதல் மாதம் எல்லாமே ஆட்டோ.
நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கை
அதுவாகவே எடுத்துக்கொண்டது.
படத்தில் இருபத்துமூன்று காற்றாலையும்
ஆணி அடித்த மாதிரி நின்றன.
ஆடிக் காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கி
உடைமரத்தில் மாட்டிய நாள் அது.
பல்லிடுக்கில் மண் நெறுநெறுத்தது.
பார்க்கிறவர்களுக்கோ
காற்றே வீசாத ஊர்.

அடிவானம் வேறு சரிபாதியில் ஓடியது,
மண்ணுக்கு இவ்வளவு வானத்துக்கு இவ்வளவு என்று
பாகப்பிரிவினை பண்ணின கணக்காய்.

அதைக் கீழே தள்ளினேன்.
மண் மூன்றில் ஒரு பங்கு போதும்.
மின்கம்பி குறுக்கே வந்தால்
கம்பி நகராது, நான்தான் நகர வேண்டும்.
நகர்ந்ததில் காலில் இரண்டு முள், ஒரு செருப்பு நஷ்டம்.
ஐஎஸ்ஓ நூறு.
எஃப் பதினாறு:
தைராய்டு மாத்திரை அளவுக்குச் சுருங்கிய கண்.
வெயில் மலைக்குப் பின்னால் போகும்வரை காத்திருந்து
ஒரு முழு நொடி.

முக்காலி காய்ச்சல்காரன் மாதிரி உதறியது.
தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன்,
பாட்டில் ஊஞ்சலாடியது.
பையில் கல்லை நிரப்பி, பை தரையைத் தொட்ட பிறகே
அடங்கியது.

அன்றைக்குத்தான் வந்தது.
இறக்கைகள் கரைந்து
வானத்தில் மாவு கரைத்த மாதிரி வட்டங்கள்.
ஓரத்தில், வேலியை ஒட்டி,
தூக்குவாளியைத் திறந்து சாப்பிடும் ஐயம்பெருமாள்.
பராமரிப்பு ஆள்.
முகம் இருக்கிறது, வலது கை இல்லை.

சோற்றுக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
எட்டிப் பார்த்தார்.
“என்னம்மா இது,
ஓடாதது மட்டும்லா தெளிவா இருக்கு.”

நான் கவனிக்கவே இல்லை.
வலமிருந்து மூன்றாவது.
இத்தனை கரைசலுக்கு நடுவில்
மூன்று இறக்கையும் கத்தரித்து ஒட்டினாற்போல.

“பதினேழாம் நம்பரு. பத்து நாளா நிக்கு.
நாலு தடவ எழுதிப் போட்டாச்சு,
ஒருத்தனும் எட்டிப் பாக்கல.”
கையைக் கழுவிவிட்டு வந்து
படத்தை வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டார்.
ஐந்தாவது புகாரோடு சேர்த்து அனுப்பினார்.

திங்கட்கிழமை ஆபீசிலிருந்து பதில்:
படம் கலங்கலாக உள்ளது.
தெளிவான படம் அனுப்பவும்.

மறுநாள் வெயில் இருக்கும்போதே போய்
அதையும் எடுத்துக் கொடுத்தேன்.
ஆயிரத்தில் ஒரு பங்கு.
ஊசிமுனைத் தெளிவு,
அடிவானம்கூட அதன் இடத்தில்.

போனைத் தூரமாய்ப் பிடித்து
விரலால் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தார் ஐயம்பெருமாள்.
இருபத்துமூன்றும் நின்றுகொண்டிருந்தன.
வலமிருந்து
எண்ண ஆரம்பித்தார்.