இணைப்பு 'இ'

மேல் நீதிமன்றத்துக்கு அறிக்கை.
வயது: சம்பவத்தன்று பதினாறும் நாலு மாதமும்.
குடும்பத்துக்குப் படிவத்தில் இரண்டு வரி.

திருக்கடலூர். டிலக்சன் வீட்டில் கதவில்லை, சாக்குத்தான்.
தகப்பன் குடித்துவிட்டு வரும் இரவுகளில்
கவிழ்த்த தோணிக்குள் படுப்பானாம்,
தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு.
எழுதினேன்.

குத்தினது மீன் வெட்டுகிற கத்தி.
எப்போதிருந்து வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.
"எட்டு வயசில வேலைக்குத் தந்தவை."
அதையும்.

திரும்பும் வழியில், ஒரு ஒழுங்கை தள்ளி,
செத்தவனின் தாய்.
வாளி நிரம்பி வழிய
குழாயைப் பூட்டாமல் நின்றா.
"என்ர பெடியனைப் பற்றி ஆர் எழுதுறது?"

அவனுக்குப் பத்தொன்பது.
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பரிந்துரை என்ற கட்டத்தில்
பேனையை ஊன்றியபடி இருந்துவிட்டேன்.
மை அடுத்த தாளுக்கும் ஊறியிருந்தது.

மூன்று பிரதி வேண்டுமாம், நாளைக் காலை.