லக்கேஜ் டிக்கெட்

வெள்ளகோவிலுக்குத் தெற்கே
தென்னை காய்ந்த தோட்டமொன்றில்
பாழுங்கிணற்றைத் தூர்வார இறங்கிய ஜேசிபி
மூன்றாம் நாள்
கையைத் தூக்கியபடி நின்றுவிட்டது.
சேறு சொட்டும் வாளியின் பற்களுக்கு நடுவே
வேறொரு வரிசைப் பல்.

மகஜரை எழுதியது நான்தான்:
'அடையாளம் தெரியாத எலும்புக்கூடு ஒன்று.
அது கிழமேலாகக் கிடந்தது.
அதனருகே நைலான் கயிறு, கயிற்றில் ஓர் ஆட்டுக்கல் குழவி.'

அட்டைப்பெட்டி, சணல், அரக்கு முத்திரை.
ஜீப்புக்கு டீசல் இல்லை என்றார் இன்ஸ்பெக்டர்,
"பஸ்ல எடுத்துட்டுப் போயிரும்மா."

"ஏனுங் மேடம், பொட்டியில என்னங்க?"
"கேஸ் சாமான்."
கண்டக்டர் சட்டையைப் பார்த்தார், முத்திரையைப் பார்த்தார்,
லக்கேஜ் ஒன்று கிழித்தார்.
பல்லடம் வரை என் காலடியில்.
அங்கே கூட்டம் இறங்கியதும்
தூக்கி சீட்டில் வைத்தேன், ஜன்னல் பக்கம்.
ஏனென்று இன்னமும் தெரியவில்லை.

கோவை பெரியாஸ்பத்திரியில்
டாக்டர் ஜெசிந்தா கழுவிக் காயவைத்து
ஓர் ஆள் நீளத்துக்கு அடுக்கினார்.
விரலெலும்பு ஒன்று குறைந்தது.
"கெணத்துலயே இருக்கும், சலிச்சுப் பாருங்க."
மணல் சல்லடையோடு மறுபடி இறங்கினோம்.
கிடைத்தது இரண்டு.
ஒன்று நாயுடையது.

இடுப்பெலும்பின் அகன்ற வளைவில்
கட்டைவிரலை வைத்துப் பார்த்தார்.
அதுவரை 'இது' என்றவர்
"இவங்க" என்றார்.
தொடையெலும்பை அளந்து, அஞ்சடி, ஓர் இஞ்சு முன்னப்பின்ன.
காறையெலும்பின் நெஞ்சோர முனை
முழுக்கச் சேர்ந்து இறுகியிருந்தது:
முப்பதை ஒட்டியோ தாண்டியோ.

வெளியே பெஞ்சில் முத்தூர்த் தம்பதி.
அவர்கள் மகள் காணாமல் போனபோது பத்தொன்பது.
"உங்க பொண்ணு இல்லீங்க."
அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டது
எனக்கா, உள்ளே கிடந்தவளுக்கா.
வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்:
"இனி எந்த ஸ்டேசனுக்குப் போறதுங்?"

மேல் முன்பல்லின் விளிம்பில்
அரம் போட்டு இழுத்ததுபோல் ஒரு பள்ளம்.
"எதையோ கடிச்சுக் கடிச்சு வந்தது" என்று
டாக்டர் லென்ஸை நகர்த்தினார். ஆணியா, ஊசியா...
நூல், என்றேன்.
என் அக்கா எட்டு வருசம் திருப்பூரில் பவர்டேபிள்.
கத்தரியை எடுத்து வைக்கிற நேரத்தில்
ஒரு பீஸ் கூட ஓட்டலாம்.

பல்லின் குறுக்கே பழுப்புப் பட்டைகளும் இருந்தன.
வெற்றிலை இல்லை, தேய்த்தால் போகாது.
அந்தப் பல் முளைக்கும் முன்னே
குடித்த தண்ணீர் எழுதியது.
"தர்மபுரிப் பக்கமும் தேடுங்க."

பென்னாகரத்தில் ஒரு பழைய மனு:
மாதேஸ்வரி, 32, பனியன் கம்பெனி டெய்லர்.
அண்ணன் மாதையன் வந்தான்.
பேர் சொல்ல வாய் திறந்தான், அதே பழுப்பு.
எனக்குத் தெரிந்துவிட்டது.
டாக்டருக்குத் தெரியவில்லை.
"ஊரே அந்தத் தண்ணியத்தான குடிச்சுது?"
விரல் நுனியில் குத்தி
அட்டையில் நாலு சொட்டு எடுத்தார்.

சென்னை லேப். ஐந்து மாதம்.
அம்மா வழியாக மட்டுமே இறங்கும் ஒன்று
அவள் கடைவாய்ப்பல்லுக்குள் காய்ந்திருந்தது,
அவன் விரலில் ஈரமாக.
'ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம்' என்பதை
இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.
மனுவிலிருந்த பழைய போட்டோ, மண்டையோட்டின் மேல்
பொருந்தியதாக மூன்றாம் பக்கம்.

மகஜரில் போட்ட 'அது'வை அடிக்க முடியாது,
அடித்தல் திருத்தல் கோர்ட்டில் நிற்காது.
புதுத்தாள் எடுத்துப் பெயரை எழுதினேன்.
கயிறு யாருடையது, குழவி எந்த வீட்டது,
அதெல்லாம் இனிமேல்தான்.

ஒப்படைத்த அன்று
கையெழுத்துக்காகக் கோப்பைப் புரட்டிய மாதையன்
குண்டூசியில் தொங்கிய சீட்டின் மேல் விரல் வைத்தான்.
"பஸ்லயா கூட்டிட்டுப் போனீங்க?"
ஆமா.
"உக்காந்துதான?"
ஜன்னல் பக்கம், என்றேன்.