துளைப்பானுக்கு ஒரு பக்கவாத்தியம்

மூன்று நிமிட இசைக்கு முந்நூறு யூரோ.
திரைச்சீலையா, அளந்து வாங்க
என்று சிரித்தாள் ஸ்மைடா.
ஒரு கடைவாய்க் குழியை அடைக்க
நாம் எவ்வளவு வாங்குகிறோம் என்றேன்.
கோப்புகளை அடுக்கப் போய்விட்டாள்.

லியபாயாவில் காற்று ஓயும் நாள் குறைவு.
அது தள்ளிக்கொண்டு வந்தவன்போலத்தான்
உள்ளே நுழைந்தான் தாலிவால்டிஸ்.
தோளில் ஒலிப்பதிவுக் கருவி,
காலுறை இரண்டும் இரண்டு நிறம்.
எவரிடமும் சம்பளத்துக்கு இல்லை.
சமையலறை மேசைதான் அவன் அலுவலகம்.

'மென்மையாக ஏதாவது,' என்று தொடங்கினேன்,
'கடலலை மாதிரி.
டிரில் சத்தம் காதில் விழக்கூடாது.'
'முதலில் டிரில்லைக் கேட்கவேண்டும்.'
பிடுங்கிவைத்த பல்லொன்றை
இடுக்கியில் பற்றிச் சுழலவிட்டேன்.
இருபத்திரண்டு வருடமாக
என் கைக்குள் கத்திக்கொண்டிருந்ததை
முதன்முறையாக ஒருவன்
கண்மூடிக் கேட்டான்.

'எனாமலில் ஒரு சுருதி.
உள்ளே இறங்கியதும் கொஞ்சம் தாழ்கிறது.
தெரியுமா உங்களுக்கு?'

விரலுக்குத் தெரியும்.
காதுக்கு யாரும் சொன்னதில்லை.

'இதை மறைக்க முடியாது டாக்டர்.
வேண்டுமானால்
உட்கார ஓர் இடம் போட்டுத் தரலாம்.'

ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்.
பாதிப் பணம் முன்னால்.
இந்த அறையில் எத்தனை வருடமும் ஒலிக்கலாம்,
விளம்பரத்துக்குத் தரக்கூடாது,
இசை அவனுடையது.
'காசு என்னுடையது, பொருள் உன்னுடையதா?'
பதில் சொல்ல வாய் திறந்தான்.
கீழ்வரிசை, இடப்பக்கம், ஆறாவது பல்.
ஓட்டை.
பதில் என் காதில் ஏறவில்லை.

'பண்டமாற்றாக வைத்துக்கொள்வோமே,' என்றேன்,
'பல்லுக்கு இசை.'
முகம் சுருங்கிவிட்டது அவனுக்கு.
போன வருடம் ஒரு மீன் ஆலைக்காரர்கள்
விளம்பர இசைக்கு மூன்று பெட்டி
டின் மீன் கொடுத்தார்களாம்.
அதற்கு முன் ஒரு கல்யாணத்தில்
பேர் கிடைக்குமே என்றார்களாம்.
'பேரைக் கொடுத்தால்
கடையில் வெண்ணெய் தரமாட்டேன் என்கிறார்கள்.
நீங்கள் எனக்கு ரசீது போடுங்கள்.
நான் உங்களுக்குப் போடுகிறேன்.'

அப்படியே நடந்தது.
ஒரே வெள்ளிக்கிழமை, ஒரே வங்கியில்
எங்கள் பணம் ஒன்றையொன்று கடந்து போனது.
நலம் விசாரித்துக்கொண்டதா தெரியாது.

இசை வந்தது.
ஒற்றைச் செல்லோ,
தூரத்து வீட்டில் யாரோ
நாற்காலியை நகர்த்துவதுபோல் தாழ்வாக.
மேல்ஸ்தாயி முழுக்கக் காலி.
'பாதியைத்தான் அனுப்பியிருக்கிறான்,' என்றாள் ஸ்மைடா.
காலால் மிதியை அழுத்தினேன்.
டிரில் நேராகப் போய்
காலியிடத்தில் உட்கார்ந்தது.
ஸ்மைடா ஒன்றும் பேசவில்லை.

அவனையே முதலில் படுக்கவைத்தேன்.
மரத்த உதடு, பஞ்சு, உறிஞ்சுகுழாய்,
என் இரண்டு விரல்.
நடுவில் ஏதோ சொன்னான்.
மெய்யெல்லாம் பஞ்சில் சிக்கிக்கொள்ள
உயிரெழுத்து மட்டும் வெளியே வந்தது.
பிறகு கையைத் தூக்கி
நான்கு விரல் காட்டினான்.
வலிக்கிறதா? இல்லை.
நாலாம் பல்லா? இல்லை.

திங்கட்கிழமை திருத்திய பிரதி வந்தது.
கூடவே ரசீது.
'துப்புவதற்கு மௌனம், நான்கு வினாடி.
ஆறு யூரோ அறுபத்தேழு சென்ட்.'

மௌனத்துக்குமா என்று
ஸ்மைடா பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டாள்.
ஒரு சென்ட்கூடப் பிசகவில்லை.
கட்டிவிட்டேன்.

அந்த நான்கு வினாடியில் எல்லோரும் துப்புகிறார்கள்.
துறைமுகப் பளுதூக்கி ஓட்டும் அம்மாள் மட்டும்
நேற்று துப்பவில்லை.
கிண்ணத்தின் மேல் குனிந்தபடி
வாய் நிறையத் தண்ணீரோடு
ஜன்னலை உலுக்கும் காற்றையும் தாண்டி
எதற்கோ காத்திருந்தார்.

செல்லோ திரும்பி வந்ததும்
துப்பினார்.